நின்றவர்கள் மட்டும் பதிகிறார்கள்

நகரத்தின் இரவைப் படமெடுக்க இருட்டும்வரை காத்திருக்கக் கூடாது. கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரைப் பல நொடி திறந்து வைத்து எடுக்கும் லாங் எக்ஸ்போஷர் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். முழுக்க இருட்டிய பிறகு வானம் வெறும் கறுப்பு. கட்டடம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாது. விளக்குகள் மட்டும் அந்தரத்தில் தொங்கும். சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழிந்ததும் ஒரு கட்டம் வரும். மேலிருந்து வரும் வெளிச்சம் இறங்கி இறங்கி, தெருவிளக்கும் சன்னல் விளக்கும் தரும் வெளிச்சத்துக்குச் சரிசமமாக வந்து நிற்கும். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும், சுவரில் நிழல் மிச்சமிருக்கும், விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். நான் வேண்டுவது அந்தச் சில நிமிடங்களை.

எனக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி. ஊரெல்லாம் வீடு திரும்பும் வேளையில் எதிர்த்திசையில் போகிறவன் நான். பணிக்கு முன்னால் கிடைக்கும் அந்திப் பொழுது முழுக்க என்னுடையது. கேமராவை வாங்கியபோது வேறு எந்த நேரமும் எனக்கு வாய்க்கவில்லை என்பதால்தான் இதில் இறங்கினேன். இப்போது பகல் விடுப்பு கிடைத்தாலும் மாலையைத்தான் தேடிப் போகிறேன்.

அந்தி எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைக் கணக்காகப் புரிந்துகொண்டால் பதற்றம் குறையும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை உள்ள பொழுதை வானியலில் ஒரு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். 12 பாகை, 18 பாகை என்று அடுத்த கட்டங்கள் உண்டு. 18 பாகையைத் தாண்டினால்தான் முழு இரவு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் முதல் 6 பாகை இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மேகமில்லாத மாலையில் சூரியன் மறையும் தருணத்தில் ஏறத்தாழ 400 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) இருக்கும் வெளிச்சம், அந்தக் கட்டத்தின் முடிவில் மூன்று நான்கு லக்ஸாகிவிடும். அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. நான்கு நொடி போதுமாக இருந்த காட்சிக்கு, வானத்தைப் பொறுத்தவரை, கொஞ்ச நேரத்தில் எட்டு நொடி வேண்டும், அப்புறம் பதினாறு. வடக்கே போகப் போகச் சூரியன் சாய்வாக இறங்குவதால் இந்தப் பொழுது நீளும். 60 பாகை அட்சரேகையில் ஜூன் மாதக் கடைசி வாரங்களில் சூரியன் 7 பாகைகூட இறங்காது. இரவு முழுக்கவே அந்திதான். அங்கே வாழும் புகைப்படக்காரர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

அந்த நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகல் வானம் நீலமாக இருப்பது காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தியின் நீலத்துக்கு அந்தக் காரணம் மட்டும் போதாது. அப்போது சூரிய ஒளி வளிமண்டலத்தை மிகச் சாய்வாக, மிக நீளமாகக் கடந்து வருகிறது. அப்படி வரும் ஒளியில் நீலம் வழியிலேயே தொலைந்து, தலைக்கு மேலுள்ள வானம் மங்கிய மஞ்சளாகவோ சாம்பலாகவோ தெரிய வேண்டும். தெரிவதில்லை. மேலே இருக்கும் ஓசோன் படலம் ஆரஞ்சு, சிவப்புப் பக்கத்து ஒளியை உறிஞ்சிவிடுகிறது; மிஞ்சுவது நீலம். ஓசோனுக்கு இந்த உறிஞ்சும் குணம் உண்டு என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஷாப்புயி 1880 வாக்கில் கண்டறிந்தார். அந்தி வானத்தின் நிறத்துக்கு அதுவே முக்கியக் காரணம் என்று அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹுல்பர்ட் 1953இல் கணக்கிட்டுக் காட்டினார். இதைப் படித்த பிறகு, படத்தின் நிறச் சாயலை மாற்றும் ஒயிட் பேலன்ஸைத் திருகி அந்த நீலத்தைச் செயற்கையாகக் கூட்டுவதை நிறுத்திவிட்டேன். வானம் தானாகத் தருவதே போதுமானது.

நான் அதிகம் நிற்பது சாலைக்கு மேலே குறுக்காகப் போகும் ஒரு நடைமேம்பாலத்தில். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே போய்விடுவேன். வெளிச்சம் இருக்கும்போதே கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாடை விரித்து, சட்டகத்தை முடிவுசெய்து, தூரத்து அறிவிப்புப் பலகை ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, அந்த வளையத்தை அப்படியே விட்டுவிடுவேன். இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து நேரத்தைத் தின்றுவிடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவேன். டிரைபாடில் அசையாமல் இருக்கும்போது இல்லாத அசைவைத் தேடி அதுவே படத்தைக் கலைக்கக்கூடும். லென்ஸுக்கு முன்னால் பாதுகாப்புக்காக மாட்டும் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். தெருவிளக்கின் ஒளி அந்தக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையே பட்டுத் திரும்பி, சட்டகத்தின் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகப் பச்சைப் புள்ளிகளாக விழும். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் பலர் திணறும் கறை அது.

மேம்பாலம் நடுங்கும். பாலம் என்றாலே நடுங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே கனரக வாகனம் போனாலும், மேலே ஒருவர் வேகமாக நடந்தாலும், அந்த அதிர்வு டிரைபாடின் கால் வழியாகக் கேமராவுக்கு ஏறிவிடும். அதனால் பாலத்தின் நடுவில் நிற்க மாட்டேன். தூண் தாங்கும் இடத்துக்கு நேர் மேலே நிற்பேன். அங்கே அசைவு மிகக் குறைவு. டிரைபாடின் நடுத் தண்டை உயர்த்த மாட்டேன். பையை நடுக் கொக்கியில் மாட்டினாலும் அது காற்றில் ஊசலாடாதபடி அடிப்பகுதி தரையைத் தொட்டிருக்க வேண்டும். ஷட்டரை விரலால் அழுத்துவதில்லை. ரிமோட்டோ இரண்டு நொடி டைமரோ போதும்.

இனி வாகனங்களின் ஒளிக்கோடுகள். லாங் எக்ஸ்போஷர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இவைதாம். எதிரே வருபவை வெள்ளை, விலகிப் போகிறவை சிவப்பு. பஸ்ஸின் மேல்விளக்குகள் மற்றக் கோடுகளுக்கு மேலே தனித் தளத்தில் ஓடும். திரும்பும் வண்டியின் இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிவதால் ஆரஞ்சுத் துண்டுகளாகப் பதியும். இரு சக்கர வாகனத்தின் கோடு எப்போதும் கொஞ்சம் நெளியும்; சாலையின் பள்ளம் மேடு அதில் எழுதப்பட்டிருக்கும். இவையெல்லாம் பார்த்ததும் பிடிபடும். ஆனால் பலருக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் கோடு பிரகாசமாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது.

காரின் முகப்பு விளக்கு, கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒரு புள்ளிமேல் எவ்வளவு நேரம் நிற்கிறது? நொடியில் நூற்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐம்பதில் ஒரு பங்கு. பிறகு அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது. ஷட்டர் 5 நொடி திறந்திருந்தாலும் 50 நொடி திறந்திருந்தாலும், அந்தப் புள்ளிக்கு அந்தக் காரிடமிருந்து கிடைக்கும் ஒளி அதேதான். நேரம் கூடினால் கோடு நீளும், கோடுகளின் எண்ணிக்கை கூடும். தனியொரு கோட்டின் பிரகாசம் கூடாது. அதைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்), வண்டியின் வேகம் ஆகிய மூன்றும்தான். கட்டடங்களோ அசையாமல் நிற்கின்றன. அவற்றின்மேல் நேரம் ஏற ஏற ஒளி சேர்ந்துகொண்டே போகும்.

இது புரிந்த நாளிலிருந்து எனக்கு இரண்டு கைப்பிடிகள் தனித்தனியாகக் கிடைத்தன. கோடுகளுக்கு அப்பர்ச்சர், கட்டடங்களுக்கு ஷட்டர். ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 15 நொடி என்று வைத்து எடுத்துப் பார்க்கிறேன். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். கட்டடங்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் முகப்பு விளக்குகள் வெளுத்துப் பட்டையாகிவிட்டன என்றால், எஃப்/16க்கு மூடி 30 நொடி ஆக்குகிறேன். கட்டடத்தின் வெளிச்சம் மாறாது. கோடுகள் பாதியாக அடங்கும். கோடுகள் மங்கலாக இருந்தால் எதிர்த்திசை: எஃப்/8, ஏழெட்டு நொடி. எஃப்/16ஐத் தாண்டி மூடுவதில்லை. துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்கக் கூர்மை குறையும். துளை சிறியதாக இருக்கும்போது தெருவிளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் முளைக்கும். அப்பர்ச்சரின் துளையை மூடித் திறக்கும் இதழ்கள் இரட்டை எண் என்றால் கதிர்களும் அத்தனை. ஒற்றை எண் என்றால் இருமடங்கு. என் லென்ஸில் ஏழு இதழ்கள், அதனால் பதினான்கு கதிர்கள். யாராவது படத்தைக் காட்டினால் கதிர்களை எண்ணி லென்ஸை ஊகிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சிக்னலையும் படிக்க வேண்டும். வண்டிகள் நின்றால் விளக்குகள் ஒரே இடத்தில் எரிந்து வெள்ளைக் குமிழ்களாகிவிடும். பச்சை விழுந்து முதல் வண்டி சட்டகத்துக்குள் நுழையும்போது திறந்து, அடுத்த சிவப்புக்கு வேகம் குறையும் முன் மூடிவிட வேண்டும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அந்தச் சந்தியின் தாளம் பிடிபட்டுவிடும். அதற்குள் எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அதுதான் என் ஷட்டர் வேகம். மற்றதை அதற்கேற்ப அமைப்பேன்.

சந்தியும் கோடுகளும் அழகுதான். ஆனால் என்னை இத்தனை காலம் இதில் பிடித்து வைத்திருப்பது மனிதர்கள். பாரிஸில் புல்வார் து தாம்ப்ல் என்ற பெருவீதியை 1838இல் தம் சன்னலிலிருந்து, புகைப்பட முன்னோடிகளில் ஒருவரான டகேர் பதிவுசெய்த படத்தை அறிந்திருப்பீர்கள். தட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆன காலம். வீதியில் ஆட்களும் வண்டிகளும் போய்க்கொண்டுதான் இருந்தன, ஒருவரும் பதியவில்லை. இடது கீழ்மூலையில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்து ஷூவுக்கு மெருகு போட்டுக்கொள்கிறார். அவர் நின்றார், அதனால் இருக்கிறார். மனிதர் பதிவான மிகப் பழைய புகைப்படமாக இன்று கருதப்படுவது இதுதான். தந்தியோடு பெயர் இணைந்த சாமுவேல் மோர்ஸ் 1839இல் பாரிஸில் டகேரின் படங்களைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதத்தில், எப்போதும் நெரிசலான அந்த வீதி ஆளில்லாமல் கிடப்பதையும், ஷூ மெருகேற்றிக்கொள்ளும் அந்த மனிதர் மட்டும் தெரிவதையும் குறிப்பிட்டிருக்கிறார். நகரத்தை நெடுநேரம் பார்த்தால் யார் மிஞ்சுவார்கள் என்பதற்கான விடை முதல் தலைமுறைப் படத்திலேயே வந்துவிட்டது.

ஓர் அலுவலக வளாகத்தின் எதிரே டிரைபாடை நிறுத்தியிருந்தேன். காவலாளி ஒருவர் எழுந்து வந்து அருகில் நின்றார். திரையில் வந்த படத்தைக் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, இத்தனை பேர் போனார்களே, ஒருவரையும் காணோம்?"

"நடந்துகொண்டே இருப்பவர்கள் விழ மாட்டார்கள் ஐயா. நின்றவர்கள்தான் விழுவார்கள்."

"அப்படியென்றால் நான் இருக்க வேண்டுமே."

பெரிதாக்கினேன். வாசலின் இடப்பக்கம் நாற்காலியில் அவர் இருந்தார். மடியில் வைத்திருந்த கைகள், தொப்பியின் விளிம்பு, காலடியில் இருந்த தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் தெளிவாக. தலை மட்டும் இலேசாகக் கலங்கியிருந்தது. இடையில் யாரையோ திரும்பிப் பார்த்திருக்கிறார். அந்தப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். நான் எடுத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தவற்றுள் அதுவும் ஒன்று. இரவெல்லாம் ஓரிடத்தில் இருப்பதுதான் வேலை என்று ஆனவர்களை இந்த முறை தானாகவே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், மருந்துக் கடை கல்லாவில் இருப்பவர், கதவைப் பிடித்தபடி நிற்கும் வாயிற்காவலர். பகல் படங்களில் இவர்கள் கூட்டத்தில் மறைந்துவிடுகிறார்கள். நானும் இரவு வேலைக்காரன் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

அதனால்தான் லென்ஸுக்கு முன்னால் பத்து ஸ்டாப் ஃபில்டர் என்ற இருண்ட கண்ணாடியை மாட்டி வீதியைத் துடைத்தெடுக்கும் போக்கோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஃபில்டர் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். முப்பதில் ஒரு நொடி போதும் என்ற காட்சிக்கு அரை நிமிடம் தேவைப்படும். கட்டடக்கலைப் படத்துக்கு அது சரியான கருவி. நகரத்தைச் சொல்ல வேண்டுமென்றால், ஆட்களே இல்லாத வீதி உண்மைக்குப் புறம்பாகத் தோன்றுகிறது. நான் விரும்புவது அரை நொடியிலிருந்து இரண்டு நொடிவரை. நடப்பவரின் உடல் கலைந்து ஓடும், ஆனால் ஊன்றிய கால் மட்டும் தரையில் தெளிவாகப் பதிந்திருக்கும்; அந்தக் கணம் அது நிற்கிறதே. அடுத்தடுத்த காலடிகள் வரிசையாக விழுந்து, மேலே புகைபோல ஒரு உடல். வெளிர் நிறச் சட்டை இருண்ட பின்னணியில் நன்றாகத் தங்கும். கறுப்பு உடை பிரகாசமான கடைக் கண்ணாடிக்கு முன்னால் கரைந்துவிடும், ஏனெனில் அவர் நகர்ந்ததும் பின்னாலிருந்து வரும் ஒளி அவர் இருந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. எங்கே நின்று எடுப்பது என்பதை இதைக் கொண்டே முடிவுசெய்கிறேன்.

இந்தத் திசையில் எனக்குக் குரு என்றால் ரஷ்யாவின் அலெக்ஸி தித்தாரென்கோ. சோவியத் ஒன்றியம் சிதைந்த 1990களின் தொடக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மெட்ரோ நிலையப் படிகளில் ஏறும் கூட்டத்தை நெடுநேரம் திறந்த ஷட்டரில் எடுத்தார். முகங்கள் இல்லை. ஆற்றுநீர் ஏறி வருவதைப் போல ஒரு சாம்பல் திரள், அதன் ஓரத்தில் கைப்பிடியைப் பற்றிய கைகள் மட்டும் தெளிவாக. பசியும் பதற்றமுமாக ஓடிய ஒரு காலத்தை அதைவிட நேராக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

ஷட்டர் திறந்திருக்கும்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. 1930களில் பாரிஸின் இரவுகளைக் கண்ணாடித் தட்டுகளில் எடுத்த பிராசாய், சிகரெட் ஒன்று எரிந்து முடியும் நேரத்தைக் கொண்டு எக்ஸ்போஷரை அளந்ததாகச் சொல்லியிருக்கிறார். வெளிச்சம் குறைவான இடத்துக்கு வேறு வகைச் சிகரெட். நான் வெறுமனே எண்ணுகிறேன். எண்ணியபடியே சட்டகத்துக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறேன், ஏனெனில் அந்த நேரத்தில் திரை இருண்டிருக்கும். விமானம் ஒன்று போனால் அதன் மின்னும் விளக்கு வானத்தில் புள்ளிக்கோடு போட்டிருக்கும் என்று படம் வருமுன்பே தெரிந்துவிடும்.

நீண்ட எக்ஸ்போஷரில் படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் குறைக்கும் வசதி கேமராவிலேயே உண்டு. 30 நொடி எடுத்தால், ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 நொடி வெற்றுக் கறுப்பை எடுத்து, சூடான புள்ளிகளைக் கழித்துவிடும். நள்ளிரவில் அது நல்லது. அந்தியில் அதை அணைத்துவிடுங்கள். இருக்கும் இருபது நிமிடத்தில் பாதியை அதற்குக் கொடுக்க முடியாது. திரையின் பிரகாசத்தை நம்பவும் வேண்டாம். இருட்டில் எந்தப் படமும் திரையில் பளிச்சென்று தெரியும். வீட்டில் திறந்தால் சேறாக இருக்கும். படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பொய் சொல்லாது.

விளக்குகளின் நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய தாழ்வழுத்தச் சோடியம் விளக்கு 589 நானோமீட்டரை ஒட்டிய ஒரே மஞ்சளை மட்டும் உமிழும். அந்த ஒளியில் சிவப்புச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் வேறுபாடு கிடையாது, எந்த ஒயிட் பேலன்ஸும் அதை மீட்டுத் தராது. அதிக அழுத்தச் சோடியம் கொஞ்சம் பரவாயில்லை, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 2000ஐ ஒட்டிய ஆரஞ்சு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2009இல் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றத் தொடங்கியது. அதன் பிறகு நகரம் நகரமாக மாறி வருகின்றன. எல்இடி வந்ததால் நிறங்கள் துல்லியமாகின, மறுக்கவில்லை. ஆனால் நீல வானத்துக்கு எதிரே அந்த ஆரஞ்சு தந்த எதிர்நிறம் இனி வராது. ஒரு தெருவில் பாதி விளக்குகள் மாறி, மீதி மாறாமல் இருக்கும் இடைக்காலம் உங்கள் பக்கம் வந்தால் உடனே போய் எடுத்து வையுங்கள். கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக (RAW) எடுங்கள், இரண்டு நிறத்தையும் சமப்படுத்தி ஒன்றாக்காதீர்கள். பின்னாளில் அந்தத் தெருவின் வயதை அந்த நிறங்களை வைத்துச் சொல்லலாம்.

இப்போது விடியலையும் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். பணி முடிந்து வெளியே வரும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. இருட்டிலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். அதற்குத் தூரத்துத் தெருவிளக்கு ஒன்று போதும். எக்ஸ்போஷர் ஒவ்வொரு படத்துக்கும் குறைந்துகொண்டே வரும். மாலையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்படுவதுபோல் காலையில் அணைவதில்லை. ஒளியுணரியோ டைமரோ ஒரு தெரு முழுவதையும் ஒரே நொடியில் அணைத்துவிடும், பெரும்பாலும் வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே. எக்ஸ்போஷரின் நடுவில் அது நடந்தால் விளக்குகள் பாதி வெளிச்சத்தோடு பதியும். அப்படி ஒரு படத்தை வேண்டுமென்றே எடுக்கப் பார்க்கிறேன். எந்தத் தெரு எத்தனை மணிக்கு அணைகிறது என்று குறித்து வருகிறேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய தெரு கடைசியாக அணைகிறது. முதல் பஸ்ஸுக்கு ஆட்கள் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள், அசையாமல்.